அந்த வரிக்கு அடுத்த வரி: நகைச்சுவை அறிவியல் புனைகதையிலிருந்து முகப்பு மேற்கோள் எடுப்பவர்கள் கவனிக்க

கொன்றை:

மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். துபாய்க்கு என்று கிளம்பி பம்பாயிலேயே நின்றுபோன ஒருவரின் கதை, என் பெரியப்பாவின் சாயல் நிறைய உண்டு. முதல் அத்தியாயத்துக்கு முன்பே முகப்பு மேற்கோளை எழுதி வைத்துவிட்டேன். நகைச்சுவை அறிவியல் புனைகதை எழுதிய ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் வரி. தமிழில் இப்படி வைத்திருந்தேன்: "போக நினைத்த இடத்துக்கு நான் போய்ச் சேர்வது அபூர்வம். ஆனால் நான் இருந்தாக வேண்டிய ஏதோ ஓர் இடத்துக்குப் பல சமயம் வந்து சேர்ந்துவிடுகிறேன்." யாரோ அனுப்பிய படத்தில், ஒரு மலைப்பாதையின் மேல் அச்சிட்டிருந்தார்கள், அங்கிருந்து எடுத்தது. பெரியப்பாவுக்கென்றே எழுதிய மாதிரி இருந்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

போன வாரம், பிரதியைப் பதிப்பாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று சரிபார்த்துவிடலாம் என்று மூல நாவலை வாங்கி உட்கார்ந்து படித்தேன். 1988இல் வந்த 'த லாங் டார்க் டீ-டைம் ஆஃப் த சோல்'. டர்க் ஜென்ட்லி என்ற துப்பறிவாளர் வரும் இரண்டாவது நாவல். இவருக்குக் கார் ஓட்டும்போது வழி தவறிக்கொண்டே இருக்கும். அதற்கு அவர் வைத்திருக்கும் முறை, போகும் இடம் தெரிந்த மாதிரி ஓடுகிற ஏதாவது ஒரு காரைப் பார்த்து அதன் பின்னாலேயே போவது. அப்படித்தான் கேட் என்ற பெண்ணின் காருக்குப் பின்னால் போயிருக்கிறார், அவளிடம் தன் முறையை விளக்கும்போது சொல்வதுதான் நான் மூன்று வருடம் முதல் பக்கத்தில் வைத்திருந்த வரி. சொல்லிவிட்டு, இதற்கு என்ன சொல்கிறாய் என்கிறார். கேட் ஒரே சொல்லில் பதில் சொல்கிறாள்: "பிஃபிள்." உளறல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரும் கோபப்படாமல், உறுதியான பதில், உனக்கு என் வணக்கம் என்கிறார்.

அந்தப் பக்கத்தைப் படித்ததிலிருந்து மனது சரியாக இல்லை. நான் எடுத்தது ஒருவர் தன் பழக்கத்துக்குச் சொன்ன சமாதானம், அதையும் பக்கத்திலேயே ஒருத்தி மறுத்துவிட்டாள். மறுப்பை வெட்டிவிட்டு மீதியை மட்டும் வைப்பது நியாயமா? இந்த மாதிரி எழுத்தாளர்களிடமிருந்து மேற்கோள் எடுத்த நாவலாசிரியர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? படித்தவர்கள் சொல்லுங்கள்.


வடகரை வாசகன்:

வைத்துவிடுங்கள் கொன்றை. எந்த முகப்பு மேற்கோளும் வெட்டி எடுத்ததுதான். பைபிளிலிருந்து எடுப்பவர்களும் ஷேக்ஸ்பியரிலிருந்து எடுப்பவர்களும் முன்பின் பார்த்தா எடுக்கிறார்கள்? ஹாம்லெட்டில் பொலோனியஸ் மகனுக்குச் சொல்லும் புத்திமதியை எத்தனை பேர் பொன்மொழியாகப் போட்டிருக்கிறார்கள், அந்த ஆள் நாடகத்தில் வெறும் வாயாடி. வரி உங்கள் புத்தகத்துக்கு வந்துவிட்டால் உங்கள் வரிதான். பெரியப்பாவுக்குப் பொருந்துகிறது, அது போதும்.


கணக்கு வாத்தியார்:

வடகரையார் சொல்வதைப் பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது. எதிலிருந்து வெட்டுகிறோம் என்பது முக்கியம் என்று நினைக்கிறேன். பொலோனியஸின் புத்திமதியை மறுக்க அங்கே யாரும் இல்லை, மகன் வணங்கிவிட்டுக் கிளம்பிப் போகிறான். ஆடம்ஸ் எழுதும் விதம் வேறு. அவர் ஒரு ஆழமான வாக்கியத்தைப் போட்டால் அதைக் குத்தும் ஊசியையும் பக்கத்திலேயே வைத்திருப்பார், இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய வாக்கியம்.

உதாரணம் சொல்கிறேன். 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' நாவலில் (வானொலித் தொடராக பிபிசியில் 1978 மார்ச்சில் தொடங்கியது, புத்தகம் 1979) ஃபோர்டு என்ற வேற்றுக்கிரகவாசி தன் நண்பன் ஆர்தரை மதுக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவான். பூமி அழியப்போகிறது, ஆர்தருக்குத் தெரியாது. மதிய வேளையில் இவ்வளவு குடிப்பதா என்று ஆர்தர் தயங்குவான். அப்போது ஃபோர்டு சொல்வான்: "காலம் ஒரு மாயை. மதிய உணவு வேளை இரட்டை மாயை." இந்த வரியைச் சட்டையில், கோப்பையில், புத்தக முகப்பில், எல்லா இடத்திலும் பார்த்திருப்பீர்கள். ஆர்தரின் பதிலை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? "ரொம்ப ஆழமாக இருக்கிறது. ரீடர்ஸ் டைஜஸ்டுக்கு அனுப்பு, உன்னைப் போன்ற ஆட்களுக்கென்றே அவர்கள் ஒரு பக்கம் வைத்திருக்கிறார்கள்." தன் வரியைப் பிற்காலத்தில் எங்கெல்லாம் கொண்டுபோய் ஒட்டுவார்கள் என்பதை அங்கேயே எழுதி வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு அந்த நாவலில் மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று.

42 என்ற விடையும் இதே கதைதான். அதே நாவலில், வாழ்க்கை, பிரபஞ்சம், எல்லாவற்றையும் பற்றிய கடைசிக் கேள்விக்கு ஒரு கணினி எழுபத்தைந்து லட்சம் வருடம் யோசித்துச் சொல்லும் விடை. இதற்கு ஏதோ உள்ளர்த்தம் இருக்கிறது என்று தேடிய வாசகர்களுக்கு 1993இல் இணையக் குழு ஒன்றில் ஆடம்ஸே பதில் எழுதினார்: அது வேடிக்கை, சாதாரணமான சின்ன எண் ஒன்று வேண்டியிருந்தது, மேசையில் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்தேன், 42 போதும் என்று தோன்றியது, தட்டச்சு செய்தேன், அவ்வளவுதான். நான் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். அந்த எண்ணின் சிறப்பே அதற்கு எந்தச் சிறப்பும் இல்லாததுதான் என்று பிள்ளைகளிடம் ஆசையாகச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் கொன்றை, உங்கள் மனது சரியாகத்தான் உறுத்துகிறது.


மின்மினி:

வாத்தியார் ஐயா சொன்ன ஊசிக்கு இன்னொரு பெரிய உதாரணம் இருக்கிறது, நாவல் இல்லை, ஆனால் இந்த விவாதத்தில் அதை விட்டுவிடக் கூடாது. ரிச்சர்டு டாக்கின்ஸின் 'த காட் டெலூஷன்', 2006. புத்தகத்தை ஆடம்ஸின் நினைவுக்குக் காணிக்கையாக்கி, கீழே அவருடைய ஒரு வரியைப் போட்டிருக்கிறார்: தோட்டம் அழகாக இருக்கிறது என்று பார்த்தால் போதாதா, அதன் கோடியில் தேவதைகள் இருப்பதாகவும் நம்பித்தான் ஆக வேண்டுமா? கடவுள் நம்பிக்கையை மறுக்கும் புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது என்றுதான் முதலில் தோன்றும்.

இப்போது 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' நாவலுக்குப் போய்ப் பாருங்கள். இவர்கள் போகும் விண்கப்பல் ஒரு கிரகத்தைச் சுற்றிவருகிறது. இரண்டு சூரியன்கள் உதிக்கும் காட்சி. கப்பலை ஓட்டிவந்த சேஃபோடு, இதுதான் மக்ராதியா, பழங்கதைகளில் வரும் அந்தக் கிரகம் என்கிறான். ஃபோர்டு நம்பவில்லை. காட்சி அழகாக இருக்கிறது, அதுவே போதும், இதன் மேல் எதற்குப் புராணத்தை ஏற்றுகிறான் என்று அவனுக்குள் எரிச்சல். தோட்டமும் தேவதையும் வருவது அந்த எரிச்சலில்தான்.

அப்புறம் என்ன ஆகிறது? அது நிஜமாகவே மக்ராதியாதான்! கிரகத்திலிருந்து பதிவுசெய்த குரல் வருகிறது, ஏவுகணைகள் வருகின்றன, திமிங்கலமும் பெட்டூனியாச் செடித்தொட்டியும் வானத்திலிருந்து விழுகின்றன. தோட்டத்துக் கோடியில் தேவதைகள் இருந்தார்கள். ஃபோர்டுதான் தவறு.

இதை முதல்முறை கவனித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. டாக்கின்ஸைக் குறைசொல்ல எழுதவில்லை. நாவலுக்குள் அந்த வரியின் நிலைமை எவ்வளவு சிக்கலானது, காணிக்கைப் பக்கத்தில் எவ்வளவு எளிமையாகிவிட்டது, அதைத்தான் காட்ட விரும்பினேன்.


வடகரை வாசகன்:

மின்மினி, நல்ல கவனிப்பு. ஆனால் ஆடம்ஸ் தன்னை நாத்திகர் என்றே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர், சாதாரண நாத்திகர்கூட இல்லை, தீவிர நாத்திகர் என்று அழுத்திச் சொன்னவர். டாக்கின்ஸுக்கு நெருங்கிய நண்பர். டாக்கின்ஸை, அவர் பின்னாளில் மணந்த நடிகை லாலா வார்டுக்கு அறிமுகப்படுத்தியதே ஆடம்ஸ்தான். 2001 மேயில், 49 வயதில் போய்விட்டார். நண்பர் போன ஐந்தாவது வருடம் நண்பரின் வரியைப் போடுகிறார், அந்த வரி ஆடம்ஸின் நிஜக் கருத்துதானே? ஃபோர்டு கிரகத்தைப் பற்றித் தவறாக நினைத்திருக்கலாம், ஆடம்ஸ் உலகத்தைப் பற்றி என்ன நினைத்தாரோ அது அந்த வரியில் இருக்கிறது.


மின்மினி:

ஆசிரியரின் கருத்து அதுதான், சந்தேகமில்லை. அதனால்தான் நாவலை இன்னும் மதிக்கிறேன். தனக்குப் பிரியமான கருத்தையே ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்து, அந்தப் பாத்திரத்தைத் தோற்கடிக்கவும் செய்கிறார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்? காணிக்கைப் பக்கத்தில் நண்பரின் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் நாவலாசிரியரின் அந்த மனசு இல்லை. நான் வருத்தப்படுவது அதற்குத்தான்.


பழைய பேப்பர்:

இழையை இரண்டு நாளாகப் படித்துவருகிறேன், கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாமா.

மேற்கோள் தேடி அலுத்துப்போனவர்களில் பழைய ஆள் வால்டர் ஸ்காட். 1816இல் 'த ஆன்டிக்வரி' அச்சில் இருந்தபோது ஒரு பழைய நாடகத்தின் வரியைத் தேடித்தரச் சொல்லியிருந்தார், நண்பருக்கு அகப்படவில்லை. நீ தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நானே ஒன்றை எழுதிவிடுவேன் என்று சொல்லி எழுதிவிட்டார், கீழே 'பழைய நாடகம்' என்று போட்டுவிட்டார். அதன்பின் அவருடைய பல நாவல்களில் அந்தப் 'பழைய நாடகம்' வருகிறது. ஃபிட்ஸ்ஜெரால்டும் 1925இல் 'த கிரேட் கேட்ஸ்பி'யின் முகப்பில் ஒரு கவிஞரின் வரியைப் போட்டார், அந்தக் கவிஞர் அவருடைய முதல் நாவலில் வரும் பாத்திரம்.

அறிவியல் புனைகதைக்கு வந்தால் அசிமோவ். 'ஃபவுண்டேஷன்' 1951இல் புத்தகமாக வந்தபோது பகுதிகளின் தலையில் 'என்சைக்ளோபீடியா கேலக்டிகா'விலிருந்து எடுத்த குறிப்புகள். எதிர்காலத்தில் எழுதப்படப்போகும் கலைக்களஞ்சியம். 116ஆம் பதிப்பு, பதிப்பாளர்களின் அனுமதியோடு என்று அடிக்குறிப்புகூட உண்டு. கனமான, நடுவுநிலையான, எல்லாம் தெரிந்த குரல். ஆடம்ஸ் இதைப் படித்து வளர்ந்த தலைமுறை. அவர் நாவலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார், விண்மீன் மண்டலத்தின் வெளிப்புற நாகரிகங்கள் பலவற்றில் 'என்சைக்ளோபீடியா கேலக்டிகா'வின் இடத்தை அந்தக் கைடு, அதாவது கதைக்குள் வரும் பயண வழிகாட்டிப் புத்தகம், பிடித்துவிட்டது, காரணம் இரண்டு, விலை கொஞ்சம் குறைவு, அட்டையில் பெரிய எழுத்தில் 'பதறாதே' என்று போட்டிருக்கிறது. அசிமோவின் தலைக்குறிப்பைப் பெயர்சொல்லிக் கீழே இறக்கி, அந்தக் குரலைக் கதைக்குள்ளேயே பேச வைத்தார். அசிமோவின் நாவலில் வாசலில் நின்று அறிவித்த குரல், ஆடம்ஸின் நாவலில் கூடத்தில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறது, தப்பும் சொல்கிறது.

இடையில் அமெரிக்க நாவலாசிரியர் கர்ட் வானகட் இருக்கிறார். ஆடம்ஸ் பேட்டிகளில் மிகவும் மதிப்போடு பேசியது அவருடைய 'த சைரன்ஸ் ஆஃப் டைட்டன்' (1959) பற்றித்தான். அதன் முகப்பு மேற்கோள்: ஒவ்வொரு மணி நேரமும் சூரியக் குடும்பத்தை ஹெர்குலிஸ் மண்டலத்திலுள்ள எம்13 விண்மீன் கொத்துக்கு நாற்பத்து மூவாயிரம் மைல் அருகே கொண்டுசெல்கிறது, அப்படியும் முன்னேற்றம் என்று ஒன்று கிடையாது என்று அடம்பிடிக்கும் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். சொன்னவர் ரான்சம் கே. ஃபெர்ன். யார் இவர் என்று தேட வேண்டாம், அதே நாவலில் ஒரு நிறுவனத்தை நடத்தும் பாத்திரம். அடுத்து 'கேட்ஸ் க்ரேடில்' (1963). அதன் முகப்பில், இந்தப் புத்தகத்தில் எதுவும் உண்மையில்லை என்று தொடங்கி, உன்னைத் துணிவாகவும் அன்பாகவும் நலமாகவும் மகிழ்ச்சியாகவும் வைக்கும் 'ஃபோமா'க்களின்படி வாழ் என்று, அந்த நாவலில் கற்பனை மதம் ஒன்றை உண்டாக்கிய போக்கோனனின் வேதத்திலிருந்து ஒரு வசனம். ஃபோமா என்றால் தீங்கில்லாத பொய். மேற்கோளே தன்னைப் பொய் என்று சொல்லிவிடுகிறது, வாத்தியாரின் ஊசி இங்கே வரிக்குள்ளேயே இருக்கிறது. யார் எங்கே வெட்டி ஒட்டினாலும் ஊசி கூடவே போகும்.

வானகட்டின் மற்ற வரிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. "எல்லாமே அழகாக இருந்தது, எதுவும் வலிக்கவில்லை" என்பதைப் பலர் உடம்பில் பச்சை குத்தியிருக்கிறார்கள். 'ஸ்லாட்டர்ஹவுஸ்-ஃபைவ்' (1969) நாவலில் அது கல்லறை வாசகம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் நடந்த குண்டுவீச்சைப் பார்த்துவிட்டு வந்த பில்லி பில்கிரிமிடம் போரைப் பற்றி மனைவி கேட்கும்போது அவன் மனதில் தோன்றுவது, தனக்கு நல்ல கல்லறை வாசகமாக இருக்குமே என்று. எல்லாமே வலித்தவனின் வாசகம் அது. அதே நாவலில் பில்லியின் அலுவலகச் சுவரில் ஒரு பிரார்த்தனை மாட்டியிருக்கிறது, மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியைக் கொடு, மாற்ற முடிந்ததை மாற்றும் துணிவைக் கொடு, இரண்டையும் பிரித்தறியும் ஞானத்தைக் கொடு என்று. இதைத் தந்துவிட்டு வானகட் எழுதுகிறார்: பில்லி பில்கிரிமால் மாற்ற முடியாதவற்றில் கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் ஆகியவை அடக்கம். ஊர் முழுக்கச் சுவரில் மாட்டும் வாசகத்தை இரவல் வாங்கி எப்படிப் பயன்படுத்துவது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.


கொன்றை:

பழைய பேப்பர் அண்ணா, இதை எழுத எவ்வளவு நேரம் எடுத்திருக்கும். நன்றி. ஆனால் நீங்கள் சொன்னவர்கள் பெரும்பாலும் சொந்தமாகச் செய்துகொண்டவர்கள். இரவல் வாங்கி முகப்பில் வைத்து, அது சரியாகவும் அமைந்த நாவல் ஒன்று சொல்லுங்களேன்.


செம்பருத்தி:

ஹூனோ டியாஸ். 'த பிரீஃப் வொண்ட்ரஸ் லைஃப் ஆஃப் ஆஸ்கர் வாவ்', 2007, அடுத்த வருடம் புலிட்சர் வாங்கியது. டொமினிக்கன் குடும்பத்துப் பையன், நியூ ஜெர்சியில் வளர்கிறான், அறிவியல் புனைகதைப் பைத்தியம். முகப்பில் இரண்டு மேற்கோள். முதலாவது ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் செய்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் காமிக்ஸ், 49ஆம் இதழ், ஏப்ரல் 1966: பெயரில்லாத குறுகிய வாழ்வுகளால் கேலக்டஸுக்கு என்ன ஆகப்போகிறது? கேலக்டஸ் கிரகங்களையே தின்கிறவன். அதற்கு அடுத்து டெரெக் வால்காட்டின் நீண்ட கவிதைப் பகுதி, அதன் கடைசியில், ஒன்று நான் யாருமே இல்லை, இல்லையென்றால் நான் ஒரு தேசம் என்று வருகிறது.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கேலக்டஸ் வரியை டியாஸ் பொன்மொழியாக நம்பி வைக்கவில்லை. அது எதிரியின் குரல். அதற்கு முதல் பதிலை வால்காட் சொல்கிறார், முழுப் பதிலை நாவல் சொல்கிறது. அந்த வரியில் 'குறுகிய' என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'பிரீஃப்' என்ற சொல்லைத் தலைப்புக்கே கொண்டுபோய்விட்டார். ஆஸ்கர் குண்டுப் பையன், யாரும் மதிக்காதவன், டொமினிக்கன் நாட்டில் சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆட்சி நசுக்கிய குடும்பத்தில் பிறந்தவன். அவன் வாழ்வுக்குப் பெயர் உண்டு என்று முந்நூற்றுச் சொச்சம் பக்கம் சொல்கிறது. முகப்பில் கேள்வி, உள்ளே பதில். முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினால் அந்தக் காமிக்ஸ் வரி நெஞ்சை அடைக்கும்.


வடகரை வாசகன்:

அது நகைச்சுவை இல்லையே, சூப்பர் ஹீரோ காமிக்ஸ்.


செம்பருத்தி:

சரிதான், நகைச்சுவை இல்லை. ஆனால் இலக்கியம் படிக்கிறவர்கள் தீவிரமாக எடுத்துக்கொள்ளாத ஓர் இடத்திலிருந்து எடுத்தது, அதுவரைக்கும் நம் விஷயம்தான். வேடிக்கை எழுத்திலிருந்து எடுக்கும்போதும் இதே வழிதான் என்று தோன்றுகிறது. வெட்டி எடுத்த பாதிக்கு மீதியை நாவலே எழுதினால் வெட்டியது தப்பில்லை.


கணக்கு வாத்தியார்:

செம்பருத்தி சொன்னது எனக்கு முழுச் சம்மதம். கொன்றை, உங்கள் நாவலில் பெரியப்பா பம்பாயில் நின்றதை மறுக்கும் ஆள் யாராவது உண்டா? 'உளறல்' என்று சொல்லும் ஆள்?


கொன்றை:

உண்டு ஐயா. பெரியம்மா. அவர் எழுதும் கடிதம் ஒன்று பதினோராம் அத்தியாயத்தில் வருகிறது. நீங்கள் வந்து சேர வேண்டிய இடம் எது என்று ஊரில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிற என்னிடம் கேட்டீர்களா என்று. அதை எழுதும்போது முகப்பு வரியை நினைக்கவே இல்லை. இப்போது நீங்கள் கேட்டதும்தான் இரண்டும் எதிரெதிரே நிற்பது தெரிகிறது. உடம்பு சிலிர்க்கிறது.


அச்சுக்கூடம்:

உணர்ச்சியான இடத்தில் நடைமுறை பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதிப்பு வேலையில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். ஆடம்ஸின் எழுத்துக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறது. இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 வருடம், அதாவது 2061 முடியும் வரை. பிரிட்டனில் 70 வருடம். விமர்சனத்துக்காக மேற்கோள் காட்ட நம் சட்டத்தில் இடம் இருக்கிறது, இந்த இழையில் நாம் செய்வது அதுதான். நாவலின் முகப்பில் வைப்பதை விமர்சனம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வரிதானே என்று விடாமல், ஆங்கிலப் பதிப்பாளரின் உரிமைப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள். எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், எந்த மொழியில், எத்தனை படி அச்சிடப்போகிறீர்கள் என்று எல்லாம் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், அதனால் இன்றைக்கே.


கொன்றை:

இன்றைக்கே எழுதுகிறேன். கடிதத்தில் இரண்டு வரிக்கும் சேர்த்தே அனுமதி கேட்கப்போகிறேன். டர்க் சொல்வதும் கேட் சொல்வதும். வரியை எடுக்கவும் மனமில்லை, கேட்டை வெட்டவும் மனமில்லை. ஆடம்ஸைப் படிக்காதவர்கள்தான் என் நாவலைப் படிக்கப்போகிறவர்களில் அதிகம். வெட்டிய பகுதியை மனதில் நிரப்பிக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை, நான்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது என் கவலை 'பிஃபிள்'. உளறல் என்று போடுவதா? பிதற்றல்? அபத்தம்?


மின்மினி:

அபத்தம் வேண்டாம், தத்துவக் கட்டுரை வாசனை வருகிறது. பிதற்றல் என்றால் காய்ச்சலில் பேசுகிற மாதிரி.


வடகரை வாசகன்:

'அட போங்க' என்று போட்டுப் பாருங்கள். நம் ஊரில் ஒரு பெண் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வாள். (ஆமாம், நான் மனது மாறிவிட்டேன், இரண்டு வரியும் இருக்கட்டும்.)


செம்பருத்தி:

'அட போங்க'வில் பாசம் கலந்திருக்கிறது வடகரையார். கேட்டுக்கு அந்த ஆளை அப்போதுதான் தெரியும், அவர்களுக்குள் அப்படி ஒரு உரிமை கிடையாது. ஒரே சொல்லாகவும் இருக்க வேண்டும், முற்றுப்புள்ளியோடு. அவர் நீளமாகப் பேசி முடிக்கிறார், இவள் ஒரு சொல்லில் கதவைச் சாத்துகிறாள், அந்த ஓசை தமிழில் கேட்க வேண்டும். 'உளறல்.' என் ஓட்டு இதற்கு.


பழைய பேப்பர்:

எனக்கும் உளறல்தான். 'ற'வில் நாக்கு ஒரு இடி இடிக்கிறது பாருங்கள். கீழே ஆசிரியர் பெயர், நாவல் பெயர், 1988 மூன்றும் வரட்டும். டர்க், கேட் என்று யார் சொன்னது என்பதையும் வரிகளுக்கு முன்னால் போட்டுவிடுங்கள், நாடகத்தில் போடுகிற மாதிரி.


கொன்றை:

போட்டுவிட்டேன். கடிதமும் போய்விட்டது. பெரியம்மாவின் கடிதத்தைப் பதினோராம் அத்தியாயத்திலிருந்து முன்னால் கொண்டுவரலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


கணக்கு வாத்தியார்:

வேண்டாம் அம்மா, அது பதினொன்றிலேயே இருக்கட்டும். பத்து அத்தியாயம் பெரியப்பாவை நம்பிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அந்தக் கடிதம் வலிக்கும்.